சப்பைமூக்கு ரிவால்வர்: சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு சமரசம்

கைத்துப்பாக்கி என்ற ஒரே சொல்லுக்குள் தமிழில் நாம் இரண்டு வேறு இயந்திரங்களைப் போட்டு வைத்திருக்கிறோம். ஒன்று பிஸ்டல். அதன் கைப்பிடிக்குள் செருகப்படும் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். சுடும் ஒவ்வொரு முறையும் துப்பாக்கியின் மேற்பகுதி பின்னுக்குப் போய், வெற்றுக்கூட்டை வெளியே எறிந்துவிட்டு, திரும்பி வரும் வழியில் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். மற்றொன்று ரிவால்வர். அதன் நடுவில் ஐந்தோ ஆறோ துளைகள் கொண்ட ஓர் உருளை இருக்கும். துளைக்கு ஒன்றாகத் தோட்டாக்கள் இருக்க, உருளை சுழன்று ஒவ்வொரு தோட்டாவாகக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின் அடிப்படை இன்றும் இதுதான். இந்த ரிவால்வரின் குழலை ஏறத்தாழ இரண்டு அங்குலத்துக்குக் குறுக்கி, கைப்பிடியையும் சிறிதாக்கி, சட்டைப்பைக்குள்ளோ கணுக்காலிலோ அடங்கும்படி செய்தால் கிடைப்பதை அமெரிக்கர்கள் ‘ஸ்னப் நோஸ்’ என்கிறார்கள். நம் வழக்கில் சொன்னால் சப்பைமூக்கு. அதன்மேல் பிரியம் கொண்டவர்கள் செல்லமாக ‘ஸ்னபி’ என்று அழைப்பதுண்டு.

அந்தப் பிரியம் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புதிராகவே இருக்கும். பெரும்பாலான ஸ்னபிகளில் ஐந்தே தோட்டாக்கள். குழலோ கட்டைவிரல் அளவு. 2018இல் சிக் சாவர் நிறுவனம் வெளியிட்ட பி365 என்ற பிஸ்டல் ஏறக்குறைய அதே அளவுக்குள், அதைவிடத் தட்டையான உடம்போடு, மேகசினில் 10 தோட்டாக்களைத் தாங்குகிறது. எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் சப்பைமூக்கு இந்நேரம் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆனால், அதுவரை ரிவால்வரே செய்யாத கிம்பர் நிறுவனம் 2016இல் ஆறு தோட்டா ஸ்னபி ஒன்றோடு இந்தச் சந்தைக்குள் நுழைந்தது. சிறிய ரிவால்வர்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்டிருந்த கோல்ட் நிறுவனம் 2017இல் ‘கோப்ரா’ என்ற தன் பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்து மீண்டும் ஒன்றை வெளியிட்டது. வாங்குவதற்கு ஆள் இல்லாமல் இப்படி யாரும் செய்யமாட்டார்கள்.

இந்த ஆர்வத்தைப் புரிந்துகொள்ள, முதலில் ‘மறைத்து எடுத்துச் செல்லுதல்’ என்ற அமெரிக்க வழக்கத்தை அறிந்துகொள்ள வேண்டும். அங்கே குடிமக்கள் தற்காப்புக்காகத் துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு பொது இடங்களில் நடமாடுவதைப் பல மாநிலங்கள் நெடுங்காலமாக அனுமதித்து வந்தன. தகுதி உள்ள விண்ணப்பதாரருக்கு உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்று புளோரிடா 1987இல் சட்டம் இயற்றிய பிறகு, அந்த முறை மற்ற மாநிலங்களிலும் வேகமாகப் பரவியது. வீட்டுக்கு வெளியே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியைக் கொண்டு செல்வதும் அரசமைப்பு தரும் உரிமையே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் நியூயார்க் வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், சட்டம் தடை செய்யாத வயது வந்த ஒருவருக்கு இதற்கென உரிமமே தேவையில்லை. பணியிலிருக்கும் காவலர்களும், தகுதி பெற்ற ஓய்வுபெற்ற காவலர்களும் நாடு முழுவதும் ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்ல 2004ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று வழிவிட்டது. ஸ்னபியைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்களில் இந்த ஓய்வுபெற்ற காவலர்கள் கணிசமானவர்கள்.

சட்டம் அனுமதித்துவிட்டது, அடுத்த கேள்வி உடம்பு அனுமதிக்குமா என்பது. முழு அளவுக் கைத்துப்பாக்கி ஒன்று தோட்டாக்களோடு சேர்ந்து ஒரு கிலோவை நெருங்கும். அதை இடுப்பில் செருகிக்கொண்டு காரில் உட்காருவதும், கடையில் குனிந்து பொருள் எடுப்பதும், டெக்சாஸ் வெயிலில் அதை மறைப்பதற்காகவே மேலே ஒரு சட்டை போட்டுக்கொள்வதும் சில வாரங்களில் அலுத்துவிடும். ஆடையின் மேல் துப்பாக்கியின் வடிவம் புடைத்துத் தெரிவதை அவர்கள் ‘பிரிண்டிங்’ என்பார்கள். அதைப் பற்றிய கவலை வேறு. விளைவாக, ஆசையாக வாங்கிய பெரிய துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில் உறங்க, ஆள் வெறுங்கையோடு வெளியே போகிறார். ஸ்னபிக்காரர்களின் வாதம் இங்கேதான் தொடங்குகிறது: கையோடு இருக்கும் சிறிய துப்பாக்கி, வீட்டில் கிடக்கும் பெரிய துப்பாக்கியைவிட மேல். எடுத்துச் செல்வது எப்போதும், சுடுவது அபூர்வம் என்பதால் சுமக்க எளிதாக இருப்பதே முதல் தகுதி என்று அவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். இந்த வரிசையை ஏற்றுக்கொள்பவருக்கு ஸ்னபி அருமையான கருவி. சுடுவதில் உள்ள எளிமையை முதலில் வைப்பவருக்கு அது மோசமான கருவி. இத்தனை ஆண்டுகளாக நடக்கும் விவாதம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்ததுதான்.

குட்டைக் குழல் ரிவால்வர் என்ற எண்ணம் பழையது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை 1881 ஜூலையில் சுட்டவன் பயன்படுத்தியது ‘பிரிட்டிஷ் புல்டாக்’ வகையைச் சேர்ந்த குட்டை ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1887இல், தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியல் வெளியே தெரியாத சிறு ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்தது. கைப்பிடியின் பின்புறமுள்ள தகட்டை உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தால்தான் அது சுடும் என்பதால் ‘எலுமிச்சை பிழிவான்’ என்ற பட்டப்பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் இன்று நாம் காணும் ஸ்னபியின் உருவம் நிலைபெற்றது 1927இல்தான். கோல்ட் நிறுவனம் அந்த ஆண்டில் வெளியிட்ட ‘டிடெக்டிவ் ஸ்பெஷல்’ இரண்டு அங்குலக் குழலோடு .38 ஸ்பெஷல் ரகத் தோட்டாக்கள் ஆறினைத் தாங்கியது. பெயரே சொல்வதுபோல, சீருடையின்றித் திரியும் துப்பறிவாளர்களை மனத்தில் வைத்துச் செய்தது அது. கோட்டுப் பைக்குள் கைவிட்டபடி நிற்கும் துப்பறிவாளர் என்று யார் சொன்னாலும் நம் மனக்கண்ணில் எழும் படத்தில் அந்தப் பைக்குள் இருப்பது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

1950இல் ஸ்மித் அண்ட் வெஸன் இதற்குப் பதில் சொன்னது. ஒரு தோட்டாவைக் குறைத்து ஐந்தாக்கினால் உருளையின் பருமன் குறையும். உருளைதான் ரிவால்வரின் மிகத் தடித்த பகுதி என்பதால் துப்பாக்கியே மெலியும். இப்படி உருவான சட்டகத்துக்கு அந்நிறுவனம் வைத்த அடையாளம் ‘ஜே-பிரேம்’. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் கூடிய காவல்துறைத் தலைவர்களின் மாநாட்டில் அதைக் காட்டிப் பெயர் கேட்டபோது, அவர்கள் வாக்களித்துத் தேர்ந்த பெயர் ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’. 1957இல் அது ‘மாடல் 36’ ஆனது. நிறுவனத்தின் நூற்றாண்டை ஒட்டி 1952இல் வந்த ‘சென்டென்னியல்’ வகையில் சுத்தியல் முழுவதும் உடம்புக்குள் மறைந்திருந்தது. 1965இல் வந்த ‘மாடல் 60’ துருப்பிடிக்காத எஃகினால் செய்யப்பட்டது. வியர்வை படும் இடத்திலேயே வைத்திருக்கும் பொருளுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சொல்லத் தேவையில்லை. இடையில் அலுமினியக் கலவைச் சட்டகங்களும் வந்தன. அந்த வகையில் கோல்ட் செய்த ‘கோப்ரா’ ஒன்றை ஜாக் ரூபி என்ற இரவு விடுதிக்காரர் 1963 நவம்பர் 24 அன்று டல்லஸ் காவல் நிலையத்தின் அடித்தளத்தில், குடியரசுத் தலைவர் கென்னடியைக் கொன்றதாகக் கைதாகியிருந்த லீ ஹார்வி ஆஸ்வால்டின் வயிற்றருகே நீட்டிச் சுட்ட கணம் புகைப்படமாகப் பதிவாகி உலகெங்கும் போயிற்று. ஸ்னபியின் புகழில் இந்த இருண்ட பக்கமும் சேர்ந்தே இருக்கிறது. அதன் அபிமானிகள் அதை மறைப்பதில்லை, பெரிதாகப் பேசுவதும் இல்லை.

இனி அதன் உள்ளே பார்ப்போம். தோட்டா இல்லாத ஸ்மித் அண்ட் வெஸன் ஸ்னபி ஒன்றின் விசையை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் டிரிகரை, மிக மெதுவாக இழுப்பதாக வைத்துக்கொள்வோம். விசை பின்னால் நகர நகர இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சுத்தியல் தன் வில்லை அழுத்தியபடி பின்னால் சாய்கிறது. கூடவே ஒரு சிறு எஃகு விரல் மேலெழும்பி, உருளையின் பின்புறத்தில் நட்சத்திரம்போல வெட்டப்பட்ட பற்களில் ஒன்றை உந்துகிறது. உருளை சுழலத் தொடங்குகிறது. ஐந்து துளை என்றால் ஒவ்வோர் இழுப்புக்கும் 72 பாகை. துளை குழலுக்கு நேரே வந்ததும் கீழிருந்து ஒரு தாழ் ‘டிக்’ என்று உருளையின் பள்ளத்தில் விழுந்து அதைப் பூட்டுகிறது. அதற்குப் பிறகும் விசையை இழுத்தால் சுத்தியல் பிடிவிட்டு முன்னால் பாய்கிறது. இந்தப் பெருமூச்சு போன்ற நீண்ட இழுப்பு முழுவதையும் விரலால் உணர முடியும் என்பதுதான் ரிவால்வர் பிரியர்களை மயக்குவது. பின்னாலிருந்து பார்த்தால் கோல்ட்டின் உருளை வலஞ்சுழியாகவும் ஸ்மித் அண்ட் வெஸனின் உருளை இடஞ்சுழியாகவும் சுற்றும். உருளையைத் திறக்கும் தாழை முன்னதில் பின்னுக்கு இழுக்க வேண்டும், பின்னதில் முன்னுக்குத் தள்ள வேண்டும். எது சரி என்று இரு தரப்பும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சண்டை போடுகிறார்கள்.

இந்த அமைப்பிலிருந்து சில நன்மைகள் தாமாகவே கிடைக்கின்றன. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த துளை வந்து நிற்கும். பிஸ்டலில் அந்தத் தோட்டாவைக் கையால் வெளியேற்ற வேண்டும். பிஸ்டல் தன் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ள, சுட்ட தோட்டாவின் உந்துவிசையையும் பிடித்திருக்கும் கையின் உறுதியையும் நம்பியிருக்கிறது. பிடி தளர்ந்தால் சில நேரம் சிக்கிக்கொள்ளும். ரிவால்வர் நம்பியிருப்பது விரலை மட்டுமே. முன்னும் பின்னும் ஓடும் மேற்பகுதி இல்லாததால் துணியில் மாட்டிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. உருண்டையான கைப்பிடி, சட்டைப்பைக்குள் துப்பாக்கிபோல் தெரியாமல் ஏதோ சாவிக்கொத்தும் பர்சும் சேர்ந்த புடைப்பாகத் தெரியும். சுத்தியலின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எடுக்கும்போது பையின் ஓரத்தில் கொக்கிபோல் மாட்டும். சென்டென்னியல் வகை இந்தப் பிரியர்களிடையே அவ்வளவு செல்வாக்குப் பெற்றதற்கு அதுவே காரணம். அந்த வகையின் இன்றைய வாரிசான ‘மாடல் 642’ 400 கிராமுக்குச் சற்றே மேல்தான் எடையுள்ளது. ரூகர் நிறுவனம் 2009இல் வெளியிட்ட ‘எல்சிஆர்’ ரிவால்வரில் கைப்பிடிப் பகுதிச் சட்டகமே பாலிமரால் ஆனது. எடை சுமார் 380 கிராம். ஸ்காண்டியம் கலந்த அலுமினியத்தில் செய்த ஸ்மித் அண்ட் வெஸனின் ‘340பிடி’ அதையும் தாண்டி ஏறத்தாழ 340 கிராமுக்கு இறங்கிவிட்டது.

எடை குறைந்ததைக் கொண்டாடும் கை, சுடும்போது அதன் விலையைக் கொடுக்கிறது. பள்ளியில் படித்த உந்த அழிவின்மை விதியே இதற்குப் போதும். சுமார் 10 கிராம் எடையுள்ள .38 ஸ்பெஷல் குண்டு குட்டைக் குழலிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 220 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று கொள்வோம். வெடிவாயுவின் பங்கை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 900 கிராம் துப்பாக்கி நொடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் பின்னால் உதைக்கும். 420 கிராம் துப்பாக்கி ஐந்து மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் உதைக்கும். அந்த உதை முழுவதும் சுண்டுவிரலுக்கு இடமே இல்லாத ஒரு சிறு கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது. 340பிடி, .38ஐவிட மிகவும் மூர்க்கமான .357 மேக்னம் தோட்டாவையும் ஏற்கும்; ஆனால் அதை அந்த எடையில் சுட்டுப் பார்த்தவர்களில் பலர் ஒரு சுற்றோடு .38க்குத் திரும்பிவிட்டதாகச் சொல்வதில் வியப்பில்லை. எடை மிகக் குறைந்த துப்பாக்கிகளில் வேறொரு தொல்லையும் உண்டு: உதையின் அதிர்ச்சியில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டுகள் தம் கூடுகளிலிருந்து முன்னோக்கி நழுவி, உருளையைச் சுழலவிடாமல் தடுத்துவிடக்கூடும். அடுத்த தோட்டா தவறாமல் வரும் என்ற நம்பிக்கைக்காக வாங்கிய கருவியில் இப்படி ஒன்று நேர்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

குறி பார்ப்பதும் கடினம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரம் ஸ்னபியில் சுமார் 90 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் 10 மீட்டர் தொலைவில் குண்டு 11 சென்டிமீட்டர் விலகிப்போகும். அந்த இடைவெளி 150 மில்லிமீட்டராக இருக்கும் துப்பாக்கியில் அதே தவறு 7 சென்டிமீட்டருக்குள் அடங்கும். இதோடு விசையின் கனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த நீண்ட இழுப்புக்குப் பெரும்பாலான ஸ்னபிகளில் ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தம் தேவை. இலேசான வகைகளின் எடையோ அரைக் கிலோவுக்கும் கீழே. தன் எடையைப்போல் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தம் ஒரு பக்கத்திலிருந்து இழுக்கும்போது மூக்கு அசையாமல் நிற்குமா என்ன? துப்பாக்கியின் இயந்திரத் துல்லியம் பொதுவாக நன்றாகவே இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிக்கொணர்வதுதான் பாடு. ஐந்து தோட்டாக்கள் தீர்ந்தபின் உருளையைத் திறந்து, கூடுகளைத் தள்ளி, ஒவ்வொன்றாகவோ ஒரு ரப்பர் பட்டையில் வரிசையாகச் செருகி வைத்ததிலிருந்தோ மீண்டும் நிரப்புவதற்குள் மேகசின்காரர் இரண்டு முறை நிரப்பியிருப்பார். அந்தக் காலத்து நியூயார்க் காவலர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள்: நிரப்புவதற்குப் பதிலாக இரண்டாவது துப்பாக்கியை உருவுவது. அதற்கு இன்றளவும் ‘நியூயார்க் ரீலோட்’ என்றே பெயர்.

இவ்வளவையும் அறிந்தபின், ஒரு பழைய விற்பனைத் தந்திரத்தின் தவறு தெளிவாகும். முதன்முதலாகத் துப்பாக்கி வாங்க வருபவரிடம், குறிப்பாகப் பெண்களிடம், ‘சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி, இயக்குவது எளிது’ என்று சொல்லி இலேசான ஸ்னபி ஒன்றை நீட்டுவது அமெரிக்கக் கடைகளில் நெடுநாளாக நடந்துவரும் பழக்கம். அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். இயக்குவது எளிது என்பது உண்மைதான். இலக்கில் படுமாறு சுடுவது, கைத்துப்பாக்கிகளிலேயே மிகக் கடினமானவற்றுள் ஒன்று. இந்தியாவிலும் இதன் சாயல் ஒன்றைப் பார்த்தோம். கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரைப் பெண்களுக்கானது என்று அறிமுகப்படுத்தியது. எடை சுமார் 500 கிராம், விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கும் மேல். அந்த விலையும், உரிமம் பெறுவதற்கான அலைச்சலும் சேர்ந்தால் அது எந்தப் பெண்ணின் கைக்கு எட்டும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

மற்றொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான ரிவால்வர்களில் கையால் போட்டு எடுக்கும் பாதுகாப்புத் தாழ் கிடையாது. விசையின் கனமே அதன் காவல். பெரியவரின் விரலுக்குக் கடினமாக இருக்கும் அந்த இழுப்பை, இரண்டு கைகளையும் பயன்படுத்தும் ஒரு குழந்தையால் செய்துவிட முடியும். ஆகவே, பையில் போடும்போது விசையை முழுவதும் மூடும் உறையும், வீட்டில் பூட்டிய பெட்டகமும் இல்லாமல் ஸ்னபி வைத்திருப்பவரை அதன் தீவிர அபிமானிகளே மதிப்பதில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள் என்பதையும் நினைத்தால், எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே சிறப்பு எனச் சொல்லப்படும் ஒரு பொருளைப் பற்றி எனக்கு முழு மனத்தோடு உற்சாகப்பட முடியவில்லை. அதன் இயந்திர நேர்த்தியை ரசிப்பது வேறு.

பூட்டு என்றதும் நினைவுக்கு வருவது ஸ்னபிக்காரர்களின் தீராத மனக்குறை ஒன்று. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம், துப்பாக்கிகளில் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சேர்ப்பதாக கிளிண்டன் அரசோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. வாடிக்கையாளர்கள் இதைத் துரோகமாகக் கருதி வாங்குவதை நிறுத்தினார்கள். விற்பனை சரிந்து, மறு ஆண்டிலேயே நிறுவனம் கைமாறியது. வாங்கியது துப்பாக்கிப் பூட்டுகள் செய்யும் ஒரு சிறு நிறுவனம். அதன் பின்னர் வந்த ரிவால்வர்களின் இடப்பக்கத்தில், உருளைத் தாழுக்கு மேலே, சாவி நுழையும் சிறு துளை ஒன்று தோன்றியது. உடன்பாட்டின்போது குடியரசுத் தலைவராக இருந்த கிளிண்டனின் மனைவி பெயரால் அதை ‘ஹிலரி ஓட்டை’ என்று எரிச்சலோடு அழைக்கிறார்கள். பழைய, ஓட்டையில்லாத துப்பாக்கியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர்கள் உண்டு; நிறுவனமே பின்னர் 642 போன்ற சில வகைகளைப் பூட்டில்லாமலும் விற்றது. வாங்கும்போது அவர்கள் முதலில் துப்பாக்கியைத் திருப்பி இடப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். நீலம் பூசிய எஃகில் பல ஆண்டுகள் உறைக்குள் உரசி உரசிக் குழலின் முனையில் வெளிறிய வெண்மை, ஒருவருடைய கைக்கேற்ப மழுங்கிய மரக் கைப்பிடி, உருளையைச் சுற்றி ஓடும் மெல்லிய கீறல் வளையம் ஆகியவற்றையெல்லாம் அவர்கள் குறையாக எண்ணுவதில்லை.

அந்தக் கடினமான விசையை வசப்படுத்த அவர்கள் செய்யும் பயிற்சி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, தோட்டா இல்லாமல் நடப்பது. உண்மைத் தோட்டாக்கள் அனைத்தையும் வேறோர் அறையில் வைத்துவிட்டு, உருளை காலி என்பதை இரண்டு முறை சரிபார்த்து, பாதுகாப்பான திசையில் இருக்கும் சுவரை நோக்கி நின்றுகொள்வார்கள். ஐந்து துளைகளிலும் பிளாஸ்டிக்கால் ஆன பொய்த் தோட்டாக்கள். முன்குறிக்கு அருகே குழலின்மேல் ஒரு நாணயத்தையோ வெற்றுக்கூடு ஒன்றையோ மற்றவர் ஒருவர் வைத்துவிட்டு விலகிக்கொள்வார். விசையை இழுக்க வேண்டும். உருளை சுழன்று, தாழ் விழுந்து, உள்ளே சுத்தியல் ‘டக்’ என்று அடிக்கும் வரை நாணயம் கீழே விழக்கூடாது. முதல் நாளில் அது உருளை பாதி சுழல்வதற்குள்ளேயே தரையில் உருண்டோடிக்கொண்டிருக்கும்.